முருகனோடு கா

முருகனோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதை அக்கா எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டாள். ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்குப் போகிற ஸ்டாஃப் பஸ்ஸில் இரண்டாவது வரிசை ஜன்னலோரம் அவள் இடம். நான் வேலைக்குச் சேர்ந்த காலை. போனில் அம்மாவிடம் தமிழில் பேசிக்கொண்டே பஸ் ஏறியதைக் கேட்டுவிட்டு, கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். என் பெயர், ஊர், எந்த செக்‌ஷன் எல்லாம் விசாரித்தாள். பிறகு தன் வீட்டு நிலவரத்தையும் சுருக்கமாகச் சொன்னாள்.

"வூட்டுக்காரர் மிலிட்டரியில இருந்து ரிட்டையர் ஆயிட்டாரு. சைனிக்புரியில சொந்த வூடு. குழந்தைங்க இல்ல. முருகனோட நான் பேசறதில்ல."

முருகன் என்பது அவள் கொழுந்தன் என்று நினைத்துக்கொண்டேன். சைனிக்புரி வீட்டில் பங்கு கேட்டு வந்த கொழுந்தனாக இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு சித்தப்பா உண்டு என்பதால் எனக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து, அனுதாபத்தோடு கேட்டேன்.

"முருகன் இப்ப எங்க இருக்காருக்கா?"

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பழனியில" என்றாள்.

"அங்க என்ன வேலையா இருக்காரு?"

"வேல இன்னா வேல. மலை மேல நின்னுகினு கீறாரு."

முன் சீட்டில் இருந்த தெலுங்குக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதும் புரியவில்லை. புரிந்தபோது பஸ் உப்பலைத் தாண்டியிருந்தது, எனக்கு வியர்த்துவிட்டது.

எங்களுடையது திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு செகந்திராபாத் வந்து அங்கேயே வேர்விட்டவர்கள். தமிழ் ஆராதனை, தமிழ் பாட்டு, பாடகர் குழுவில் எனக்கு இரண்டாம் வரிசை. வீட்டில் கர்த்தரைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் குரல் தானாக ஒரு படி இறங்கிவிடும். கடவுளோடு ஒருத்தி பேசாமல் இருப்பாள், அதை முதல் நாளே பஸ்ஸில் அறிவிப்பாள் என்பது எனக்கு மிகப் பெரிய செய்தி.

அவள் குடும்பமும் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்ததுதான். தமிழ் ஆரணித் தமிழ், நடுநடுவே ஹைதராபாத் உருதுவின் ஹவ், நக்கோ, அதாவது ஆமாம், வேண்டாம். செக்‌ஷனில் எல்லோருக்கும் அவள் அக்கா. தெலுங்கிலும் அதுவே வார்த்தை என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிடும் தேவை யாருக்கும் வரவில்லை.

அக்கா சாமிகளோடு சண்டை போடுவாள். அதற்கு அவள் வைத்திருந்த சொல், சின்னப் பிள்ளைகள் சொல்வது. "நேத்திலிருந்து நரசிம்மரோட கா." சமாதானம் ஆகிவிட்டால், "பழம் விட்டாச்சு." தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது விளக்க வேண்டியதில்லை. கா என்றால் காய், நட்பு முறிந்தது. பழம் என்றால் கூடிவிட்டது. ஹைதராபாத் பிள்ளைகள் சண்டை வந்தால் 'கட்டி' என்று சுண்டுவிரலைக் காட்டுவார்கள், அதில் பழம் கிடையாது. அக்காவிடம் பழம் நிஜமான பழமாகவே இருந்தது. சமாதானம் என்றால் அந்தச் சாமி முன்னால் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, "சரி, பழம்" என்பாள். ஊரெல்லாம் சாமிக்கு வாழைப்பழம் படைப்பது இதற்காகத்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டுக்கு முதலில் போனபோது ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் படங்கள் இருந்தன. தரைக்கு ஒரு முழம் மேலே மர ஸ்டாண்டு, மூன்று வரிசை. மொத்தம் இருபத்திமூன்று சாமி. ஆரணியிலிருந்து வந்த குலதெய்வம், திருப்பதிப் பெருமாள், யாதகிரிகுட்டா நரசிம்மர், ஷீரடி பாபா, இந்த ஊருக்கு வந்தபின் சேர்த்துக்கொண்ட எல்லம்மா, போச்சம்மா என்று கலந்து கட்டி நின்றார்கள். அதில் நான்கைந்து படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. சட்டத்தின் பின்புறப் பழுப்புக் காகிதமும் ஆணிகளும் நமக்குத் தெரியும். கா விட்ட ஆட்கள்.

ஆனால் திரும்பி நின்றவர்களின் தலையிலும் ஒரு மல்லிகைத் துண்டு இருந்தது. விளக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எரிந்தது. கேட்டதற்கு, "சண்டைன்னா பேச்சுதான் நிக்கும். சோறு நிக்குமா? நம்ம வூட்ல கீறவங்க" என்றாள்.

நடு வரிசையின் ஓரத்தில் இருந்த ஒரு படம் மட்டும் எப்போதுமே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. காகிதம் கறுத்து, ஓரத்தில் கிழிந்திருந்தது. மற்றவர்கள் வாரத்துக்கு ஒருவர் திரும்புவார்கள், மறுபடி நிமிர்வார்கள். அந்தப் படம் அசைந்து நான் பார்க்கவில்லை. அதுதான் முருகன் என்று அண்ணன் சொன்னார்.

அண்ணன் என்றால் அக்காவின் கணவர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். மெலிந்த, சத்தம் போடாத மனிதர். காலையில் குளித்துவிட்டு வந்து அந்தச் சுவருக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரே ஒரு சல்யூட் அடிப்பார். அவ்வளவுதான் அவர் பக்தி. திரும்பியிருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. "பரேட்ல ஆபீசர் ஆபீசரா போய் சல்யூட் வெக்க முடியாதும்மா. எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணுதான்" என்றார் என்னிடம். மனைவியின் சண்டைகளைப் பற்றியும் அவருக்கு ராணுவக் கருத்து ஒன்று இருந்தது. "ஒரே நேரத்துல எத்தினி பார்டர்ல சண்ட போடலாம்னு ஒரு அளவு கீது. உங்க அக்காவுக்கு அது தெரியாது." அக்கா சமையலறையிலிருந்து, "எனக்கு எத்தினி பார்டர் இருக்குதோ அத்தினி" என்று பதில் சொன்னாள்.

அவள் சண்டைகளில் பெரிது, பிள்ளையாரோடு நடந்தது. துறைத் தேர்வு எழுதினாள். பாஸானால் சீனியர் அசிஸ்டென்ட் ஆகலாம். பிள்ளையாரிடம் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவதாக வேண்டிக்கொண்டு, அதை முன்கூட்டியே போட்டும் முடித்திருந்தாள். ரிசல்ட் வந்தது, ஃபெயில். பிள்ளையார் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அதுவரை சரி. அடுத்த வாரம் விநாயக சவிதி, அதாவது விநாயகர் சதுர்த்தி, வந்துவிட்டது.

ஹைதராபாத்தில் விநாயக சவிதி என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சந்துக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு பிள்ளையார், ஆள் உயரம், மாடி உயரம், கிரிக்கெட் மட்டை பிடித்த பிள்ளையார் வரைக்கும் உண்டு. சைனிக்புரியிலிருந்து காஞ்சன்பாக் வரை அந்த ஆளைப் பார்க்காமல் போக வழியே கிடையாது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பதினோரு நாளும், போகவர, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். என் வேலை, பந்தல் இல்லாத இடம் வந்ததும் சொல்வது. "இப்ப தொறக்கலாம்க்கா" என்பேன். திறப்பாள். உடனே, "மூடுங்க, மூடுங்க." ஒரு நாள் டிராஃபிக்கில் பஸ் நின்றுவிட்டது. சொல்ல மறந்து நான் தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்த அக்காவுக்கு நேர் எதிரே, ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இருபதடிப் பிள்ளையார். அவரும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"மூஞ்சப் பாரு, தப்பு பண்ணிட்டு நிக்கற மாதிரி" என்றாள். அன்று மாலையே பழம் விட்டுவிட்டாள்.

எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக ஒரு அசிஸ்டென்ட் மேனேஜர் வந்தார். சனி ஞாயிறுகளில் உபன்யாசம் கேட்கிறவர். அக்காவின் சங்கதி காதில் விழுந்து, ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவள் மேசைக்கே வந்துவிட்டார். தெலுங்கும் ஆங்கிலமுமாக விளக்கினார். சாமிகள் இத்தனை இருப்பதாகத் தோன்றுவது நம் பார்வைக்குத்தான், ஒரே பரம்பொருள்தான் பல உருவமாக நிற்கிறது. "அந்தா ஒக்கட்டே மேடம்" என்று முடித்தார், எல்லாம் ஒன்றுதான் என்று.

அக்கா தயிர்சாதத்தை மூடி வைத்தாள். தெலுங்கில்தான் பதில் சொன்னாள். சாரம் இது: "சார், நீங்க, ஜி.எம்., எம்.டி. எல்லாரும் ஒரே ஆளுன்னு வெச்சிக்குவோம். உங்களோட எனக்கு மனஸ்தாபம். அப்ப என் லீவு லெட்டர நான் யார்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறது?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் போனபிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மேல போய் ஒண்ணோ, ஒம்போதோ, எனக்கு நக்கோ. கீழ தனித்தனியா இருக்கட்டும். நான் கோவக்காரி. என்னை மாதிரி ஆளுக்கு ஒரு சாமி பத்தாது. ஒருத்தர்கிட்ட மூஞ்சத் திருப்பிக்கிட்டா இன்னொருத்தர்கிட்ட போய்ப் பேசணும் இல்ல?"

சாமிகள் ஏன் இத்தனை என்று ஹைதராபாத்தில் நான் பல விளக்கம் கேட்டிருக்கிறேன். எங்கள் பாஸ்டர்கூட ஒன்று வைத்திருந்தார், அதை இங்கே சொல்வது மரியாதை இல்லை. அக்கா சொன்னதைப்போல் ஒன்று வேறெங்கும் கேட்டதில்லை. மனுஷிக்குக் கோபம் வரும், அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

என்மீது அவளுக்கு இரக்கம் உண்டு. "உங்களோடது சிங்கிள் டெண்டர், ஸ்டெல்லா" என்பாள். நாங்கள் இருந்தது பர்சேஸ் செக்‌ஷன். ஒரு சாமான் வாங்க மூன்று கம்பெனியிடமாவது கொட்டேஷன் கேட்க வேண்டும். ஒரே கம்பெனியிடம் மட்டும் கேட்டு வாங்கினால் அது சிங்கிள் டெண்டர். ஏன் அப்படிச் செய்தோம் என்று பக்கம் பக்கமாகக் காரணம் எழுத வேண்டும், எழுதினாலும் ஆடிட்காரர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எனக்கு ரோஷம் வந்தது. "எங்களுக்கும் மூணு பேருதாம்க்கா. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி" என்றேன்.

"அப்ப சரி. மூணு கொட்டேஷன் கீது."

"ஆனா மூணும் ஒருத்தர்தான்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "ஒரே ஆளு மூணு லெட்டர்ஹெட்ல கொட்டேஷன் குடுத்தானா? அது சிங்கிள் டெண்டர விட பெரிய கேசும்மா."

இதை என் வீட்டில் சொன்னபோது அம்மா மட்டும்தான் சிரித்தாள்.

அப்படிச் சிரித்த அம்மா இரண்டு வருஷம் கழித்துப் போய்விட்டாள். கடைசி மூன்று மாதம் அவள் பட்ட வலியைப் பார்த்தவர்களுக்கு ஜெபம் பண்ண வாய் வராது. எனக்கு வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டாம் வரிசையில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பஸ்ஸில் அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நேராகக் கேட்டாள்.

"உங்க ஆளோட கா விட்டியா?"

"அப்படிலாம் விடக் கூடாதுக்கா."

"கைக்கு?" என்றாள், ஹைதராபாத் உருதுவில் ஏன் என்று.

"ஒருத்தர்தாம்லா இருக்காரு. அவர்ட்டயும் பேசலன்னா பெறவு யார்ட்ட பேச?"

"அதத்தானே நான் சொல்லிகினே கீறேன்." கைப்பையைத் துழாவி, லேமினேட் செய்த சின்ன ஆஞ்சநேயர் படத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "இவரு நல்லவரு. இன்னா திட்டினாலும் வாங்கிப்பாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிகினு திருப்பிக் குடு."

இது பாவமா என்று மூன்று நாள் யோசித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் ரெக்கார்ட் ரூமில் யாரும் இல்லை. ஆஞ்சநேயரை ஒரு ஃபைல் கட்டின்மேல் சாய்த்து வைத்து, கர்த்தரிடம் சொல்ல முடியாத அத்தனையையும் அவரிடம் சொன்னேன். திருநெல்வேலித் தமிழில் இத்தனை வசவுகள் எனக்குத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "பாவம், மூஞ்சே வாடிப்போச்சு" என்றாள். கைப்பையில் போட்டுக்கொண்டாள். எனக்கு அவளை அன்றைக்குப் பிடித்ததுபோல் வேறு யாரையும் பிடித்ததில்லை.

அண்ணனுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது அதற்கடுத்த வருஷம். இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மாற்றுக் கிட்னி கிடைத்தால் பிழைப்பார், இல்லையென்றால் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அக்கா சாமிகளிடம் வரிசையாகக் கேட்கத் தொடங்கினாள். இந்த முறை அவள் கேட்டது சீனியர் அசிஸ்டென்ட் வேலை இல்லை என்பதால் சண்டையும் வேறு மாதிரி இருந்தது. கத்தவில்லை. பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்ததும் தகவலாகச் சொல்வாள். "நேத்து நரசிம்மர்." அடுத்த வாரம், "பாபாவும்." பழம் என்ற சொல்லை அப்புறம் கேட்கவில்லை.

தன் கிட்னியில் ஒன்றைக் கொடுக்க முடிவு செய்து டெஸ்ட்டுக்குப் போனாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் வெளியே வந்தது. எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் நான் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"வருசா வருசம் மலையேறிப் போனா லட்டு குடுத்து அனுப்புனாரு இல்ல பெருமாளு? தின்னுட்டு வந்தேன் பாரு. எதுக்குன்னு இப்பத் தெரியுது." அன்று பெருமாளும் திரும்பினார். எல்லம்மா, போச்சம்மா, ஆரணிக் குலதெய்வம், கடைசியில் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிற ஆஞ்சநேயர். இருபத்திமூன்று முதுகு. அண்ணன் அவற்றுக்கு முன்னால் தினமும் நின்று சல்யூட் அடித்தார். விறைப்பாக நிற்க முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தாள். "உங்க ஆளு இன்னிக்கு இருப்பாரா?"

செகந்திராபாத்தில் எங்கள் ஆலயத்துக்குக் கூட்டிப்போனேன். வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தாள். நாங்கள் எதுவும் படைப்பதில்லை என்று சொன்னதும் கொஞ்சம் தடுமாறி அதைப் பெஞ்சின் கீழே வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். எங்களுடையது புராட்டஸ்டண்ட் ஆலயம். பீடத்தின் பின்னால் வெறும் சிலுவை மட்டும் இருக்கும்.

"ஆள் எங்க?" என்றாள்.

"உயிர்த்தெழுந்துட்டாருலாக்கா. அதனாலதான் வெறும் சிலுவை."

"அப்ப வூட்ல இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா ரொம்ப நேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, ரகசியமாகச் சொன்னாள். "மூஞ்சி இல்லாம எப்பிடிம்மா கேக்கறது? அப்பால மாட்டேன்னு சொல்லிட்டா, திருப்பி வெக்கறதுக்கும் ஒரு மூஞ்சி வேணும் இல்ல? நீங்கல்லாம் எப்பிடித்தான் சமாளிக்கிறீங்களோ." என் கையைத் தட்டிக்கொடுத்தாள், துக்கம் எனக்கு என்பதுபோல். பழத்தை வாசலில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனோம்.

அதற்கடுத்த வாரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். சுவரில் ஒரே ஒரு முகம் தெரிந்தது. நடு வரிசை ஓரம், அந்தக் கறுத்த காகிதப் படம். அக்கா முருகனைத் திருப்பியிருந்தாள். எதிரே ஒரு முழுச் சீப்பு வாழைப்பழம். இத்தனை வருஷமாக முதுகை மட்டுமே பார்த்த நான் அந்த முருகனை என் மனதில் வேலும் மயிலுமாகப் பெரிய ஆளாக வைத்திருந்தேன். படத்தில் இருந்தது குழந்தை. மூன்று வயது இருக்கும். இடுப்பில் ஒரு துண்டு, கொழுகொழுவென்ற கன்னம், கையில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு வேல்.

"கல்யாணம் ஆன புதுசுல பழனியில வாங்கனது" என்றார் அண்ணன் படுக்கையிலிருந்து. "எட்டு வருசம் சஷ்டி விரதம் இருந்தா. மூணு தபா உண்டாச்சு, தங்கல. மூணாவது தபாக்கு அப்பால திருப்பி வெச்சவதான்."

கொழுந்தனோடு பங்காளிச் சண்டை என்று நான் நினைத்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அக்காவிடம், முருகனிடம் கேட்டீர்களா என்றேன்.

"கேக்கல" என்றாள், அவர் காதில் விழாத குரலில். "கேக்கவும் மாட்டேன். கேட்டா இவனும் இல்லம்பான், அப்பால இவனையும் திருப்பணும். பேச்சுத்துணைக்கு ஒருத்தனாவது வேணாமா? சும்மா பேசிகினு கீறேன். பால் பொங்கிடுச்சு, பஸ் லேட்டு, இந்த மாதிரி."

அண்ணன் ஒரு காலையில் போனார். மாற்றுக் கிட்னிக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தது, கிட்னி வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஹாலில், அந்தச் சுவருக்கு எதிரேதான் கிடத்தியிருந்தார்கள். ஒரு வாரமாக உதவிக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார், அண்ணனோடு பிறந்தவள், காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் சாமி படங்களைத் துணி போட்டு மூடுவார்கள், அல்லது சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். நாத்தனார் கையில் ஒரு போர்வையோடு வந்தவள், எல்லாம் ஏற்கெனவே திரும்பி இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"பரவால்லியே, முறை தெரிஞ்சவ. முன்னாலயே திருப்பி வெச்சிட்டா" என்று என்னிடம் மெச்சிக்கொண்டாள். ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்தும் அவளுக்கு விஷயம் தெரியவில்லை. "இது ஒண்ணுதான் பாக்கி" என்று முருகன் படத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"கை வெக்காதீங்க" என்றாள் அக்கா.

அண்ணனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். மேல் வரிசையின் முதல் படத்தை எடுத்து, திருப்பி, நேராக வைத்தாள். குலதெய்வம். அடுத்தது பெருமாள். பிறகு நரசிம்மர்.

"ஐயோ, தீட்டும்மா. சாவு வூட்ல சாமி பாக்கக் கூடாது."

"பாக்கட்டும்."

நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். அக்கா விடுவித்துக்கொண்டாள். பாபா, பிள்ளையார், எல்லம்மா, போச்சம்மா. அவசரப்படவில்லை. ஒவ்வொருவரையும் சுவரிலிருந்து திருப்பி, அந்த மெலிந்த உடம்பு கண்ணில் படும்படி சாய்த்து வைத்தாள். கீழ் வரிசையின் கடைசியில் ஆஞ்சநேயர். அவரையும் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

"தெனம் வந்து நின்னாரு இல்ல, உங்களுக்கு?" என்றாள். சத்தம் போடாமல், அலுவலகத்தில் பேசுகிற குரலில். "நிக்க முடியாதப்பக்கூட நின்னாரு. இன்னிக்கு நீங்க வைங்க அவருக்கு சல்யூட்டு."

இருபத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் ஆளையும் நினைத்துக்கொண்டேன், அவரும் பார்க்கட்டும் என்று. அம்மா போனதிலிருந்து நான் அவரிடம் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பிறகு அக்கா முருகனிடம் போனாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். கொழுகொழுக் கன்னத்தில் கை கொஞ்ச நேரம் நின்றது. படத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"நீ பாக்காத கண்ணு" என்றாள். "உன்ன நான் ஒண்ணும் கேக்கல."